தமிழில் மோதிய இரு டைனோசர்கள்

புலியும் சிங்கமும் மோதினால் எது வெல்லும் என்று வாதாடாத பிள்ளைப் பருவம் உண்டா? நான் துணைப்பாடம் சொல்லித்தரும் தொடக்கநிலை நான்கு மாணவனுக்கோ புலி, சிங்கமெல்லாம் போதாது. டைரனோசரஸ் ரெக்ஸும் டார்போசரஸும் மோத வேண்டுமாம்!

தமிழ் என்றால் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரு சொற்களோடு நிறுத்திக்கொள்பவன் அவன். இதையும் ஆங்கிலத்தில்தான் கேட்டான். “தமிழில் கேள் தம்பி, சொல்கிறேன்” என்றேன். சற்றுத் தடுமாறி, “எது ஜெயிக்கும் அக்கா?” என்று கேட்டுவிட்டான். அடுத்த வகுப்புக்குத் தயாராக வேண்டியது நான்தான்!

இரண்டும் ஒரே குடும்பத்து விலங்குகள். ஆனால் டி. ரெக்ஸ் வாழ்ந்தது வட அமெரிக்காவின் மேற்கே, ஏறத்தாழ 6 கோடியே 80 லட்சம் முதல் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. டார்போசரஸ் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இன்றைய மங்கோலியாவில் வாழ்ந்தது. அதன் எலும்புகள் 1946இல் கோபிப் பாலைவனத்தில் கிடைத்தன. ஆகவே, இரண்டும் சந்தித்திருக்கவே முடியாது.

“பரவால்ல அக்கா, சந்திச்சதா வச்சுக்குவோம்!” என்றான். சரி, களத்தில் இறங்கினோம்.

முதலில் உடல். சிக்காகோ அருங்காட்சியகத்தில் நிற்கும் ‘சூ’ என்ற டி. ரெக்ஸின் நீளம் 12.3 மீட்டர். அதுபோன்ற பெரிய டி. ரெக்ஸ்களின் எடை 8 டன்னைத் தாண்டும். டார்போசரஸோ 10 முதல் 12 மீட்டர், ஏறத்தாழ 5 டன்.

அடுத்து தலை. டி. ரெக்ஸின் மண்டை ஓடு பின்புறம் அகன்றது. அதனால் இரு கண்களும் முன்னோக்கி இருக்கும். இரையின் தூரத்தை நன்றாகக் கணிக்கும். அதன் கடிவிசை 35,000 நியூட்டனுக்குக் குறையாது என்கிறது 2012இல் கணினிவழி செய்த ஓர் ஆய்வு. எலும்பையே நொறுக்கும் கடி அது! டார்போசரஸின் மண்டை ஓடு குறுகலானது. ஆனால், அதன் கீழ்த்தாடை எலும்புகள் பூட்டுப்போல் ஒன்றோடொன்று பொருந்தித் தாடைக்கு உறுதி தருகின்றன. கைகள் இரண்டுக்கும் சிறியவை. டார்போசரஸுக்கு இன்னும் சிறியவை.

“நேருக்கு நேர் நின்றால் டி. ரெக்ஸ்தான்” என்று தீர்ப்பளித்தேன். அவன் விடவில்லை.

“கனமா இருந்தா மெதுவாத்தானே திரும்பும்? டார்போசரஸ் ஒளிஞ்சிருந்து பின்னால வந்து கடிக்கும்!”

“புலி பதுங்குவது பாய்வதற்கே, அப்படித்தானே?” என்றேன். தேர்வுக்காக அவன் மனனம் செய்த பழமொழி அது. அவன் கண்கள் விரிந்தன. “அக்கா! அப்போ டார்போசரஸ் பதுங்குறதும் பாயத்தான்!”

எடை, தாடை, பதுங்கு, பாய், திருப்பித் தாக்கு என்று அன்று ஒரு மணி நேரம் தமிழிலேயே வாதாடினான்.

நண்பர்களே, நம்மில் பலர் வார இறுதிகளில் துணைப்பாடம் சொல்லித்தருகிறோம். பொங்கல், பள்ளி விடுமுறை, என் குடும்பம் ஆகியவற்றைத் தாண்டி நாம் பிள்ளைகளிடம் தமிழில் எதைக் கேட்கிறோம்? அவர்கள் இரவெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கும் விஷயத்தைத் தமிழில் பேச இடம் கொடுத்தோமா? வாதாடி வெல்ல வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால், சொற்களைப் பிள்ளைகளே தேடி வருவார்கள். கேட்கும்போது எடுத்துக்கொடுக்க நாம் தயாராக இருந்தால் போதும்.