அப்பளம் மாதிரி உரிஞ்சு வந்த என் முதல் ஒட்டு

இதைப் படிக்கிற நீங்க மெக்கானிக்கலோ சிவிலோ, எதுவா இருந்தாலும் 'காம்போசிட்' என்ற வார்த்தையை ஒரு செமஸ்டரிலாவது மனப்பாடம் செய்திருப்பீங்க. நானும் செய்தேன். பதின்மூன்று மார்க் கேள்வி, படத்தோடு. அந்தத் தைரியத்தில்தான் ஒரு மே மாத லீவில் அப்பாவின் ஃபைபர் போட்டில் கை வைத்தேன்.

எங்க ஊர் நாகை பக்கம். 2004 சுனாமிக்குப் பிறகு எங்க கரையில் கட்டுமரம் குறைந்து, ஃபைபர் போட் பெருகியது. அப்பாவுடையதும் அப்படி வந்த ஒன்றுதான். ஒருநாள் விடியலில் கரை திரும்பும்போது அலை தள்ளி, தூண்டில் வளைவுக் கல்லில் அணியம் உரசிவிட்டது. தண்ணி மட்டத்துக்குக் கீழே ஒரு ஜாண் நீளத்துக்கு விரிசல்.

ஃபைபர் வேலை பார்க்கிற மாமா வேறு ஊரில் வேலையாக இருந்தார். வர நாலு நாள் ஆகும். நாலு நாள் தொழில் இல்லை என்றால் வீட்டில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "நானே போடுறேம்ப்பா, படிச்சிருக்கேன்" என்றேன். அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

முதல் கூத்து, மக்கில். ரெசின் ஒரு கிலோவுக்கு கேட்டலிஸ்ட் 10 முதல் 20 மில்லி போதும். சீக்கிரம் இறுகட்டும் என்று நான் கண் மதிப்பில் தாராளமாக ஊற்றினேன். வெயில் வேறு. இறுகும்போது ரெசின் தானே சூடாகும். மக்கில் மொத்தமாகக் கிடந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. ஐந்து நிமிஷத்தில் புகை, அப்புறம் 'டப்'பென்று கல். ஒரு கிலோ ரெசின் காலி. (இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் கேட்டலிஸ்ட். இது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது, நல்லவேளை.)

இரண்டாவது தடவை அளந்து ஊற்றினேன். விரிசல் மேலே மூன்று அடுக்கு மேட், ரெசின், மேலே பெயிண்ட். பார்க்க அவ்வளவு அழகு! போட்டோ எடுத்து கிளாஸ் குரூப்பில்கூட போட்டேன்.

மூன்றாம் நாள் நடுக்கடலில் அது உரிந்துவிட்டது. போட்டில் அப்பா, சித்தப்பா, இன்னும் இரண்டு பேர். சாக்கைத் திணித்து, மாறி மாறித் தண்ணி இறைத்து, வலையைக்கூட முழுசா வாங்காமல் கரை சேர்ந்தார்கள். நான் கரையில் நின்றிருந்தேன். அப்பா திட்டவில்லை. "ஒட்டுனது நிக்கல தம்பி" என்றார், அவ்வளவுதான். சித்தப்பா அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. அதுதான் நியாயம் என்று எனக்கே தோன்றியது.

மாமா வந்ததும் தொங்கிய ஒட்டை ஒரு இழு இழுத்தார். அப்பளம் மாதிரி முழுசாக வந்தது. உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்; கண்ணாடி போல வழவழப்பு. "பாத்தியா மாப்ள, இது எதையுமே புடிக்கல." ஏற்கெனவே இறுகிய பழைய ஃபைபரோடு புது ரெசின் ரசாயனமாகப் பெரிதாகச் சேராது, சொரசொரப்பைக் கவ்வித்தான் நிற்கும். நான் ஜெல்கோட்டைத் தேய்க்காமல், உப்பு ஈரத்தின் மேலேயே ஒட்டியிருந்தேன்.

பிறகு நடந்ததுதான் என் உண்மையான லேப். முதலில் ஒரு ரூபாய் நாணயத்தால் சுற்றிலும் தட்டினார். நல்ல இடத்தில் 'டிங்', அடுக்கு பிரிந்த இடத்தில் 'தொப்'. 'தொப்' எங்கே முடிகிறதோ அங்கே சாக்பீஸ் கோடு. என் கண்ணுக்கு ஒரு ஜாணாகத் தெரிந்தது, கோடு போட்டபோது இரண்டு ஜாண். நல்ல தண்ணியில் கழுவி, போட்டைக் கவிழ்த்து இரண்டு நாள் வெயிலில் காயவிட்டோம். தொழில் போகிறதே என்று நான் நெளிந்தேன். அப்பா நெளியவில்லை.

அடுத்து கிரைண்டர். கெட்ட பகுதி முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டு, ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். தடிமன் ஒன்று என்றால் சரிவு பன்னிரண்டு. எங்க போட் அந்த இடத்தில் 6 மி.மீ., ஆக சுற்றிலும் சுமார் 7 செ.மீ. மாமாவுக்கு இந்த விகிதம் தெரியாது. நாலு விரலை வைத்து அளந்தார். நான் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது! உள்ளே பாலித்தீன் சுற்றிய அட்டையைத் தாங்கக் கொடுத்து, அசிட்டோனால் துடைத்து, மேட்டும் ரோவிங்கும் மாறி மாறி வைத்தோம். 450 மேட் ஒரு அடுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. தரும், கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடுக்கிலும் ரோலர் ஓட்டிக் காற்றுக் குமிழை விரட்டும் வேலை எனக்கு. முழங்கை வரை கண்ணாடித்தூள் அரிப்பு. மாஸ்க்கும் முழுக்கை சட்டையும் இல்லாமல் நீங்க இறங்காதீங்க.

பீச் ரிசார்ட்டில் ஓடும் வாட்டர் ஸ்கூட்டருக்கும் இதே முறையா என்று ஒரு ஜூனியர் கேட்டான். தேய்ப்பதும் சரிவும் அதேதான். ஆனால் அச்சில் அழுத்திச் செய்த உடம்பாக இருந்தால் பாலியஸ்டர் சரியாகப் பிடிக்காது, எபாக்ஸி வேண்டும். பளபளப்புக்காக 600 வரை வாட்டர் பேப்பரும் பாலிஷும் போடுவார்கள். எங்க போட்டுக்கு அந்த அலங்காரம் இல்லை, 220-லேயே நிறுத்திப் பெயிண்ட் அடித்தோம்.

கடலில் இறக்கும் முன் அப்பா நாணயத்தை என் கையில் கொடுத்தார். தட்டினேன். ஓரம், நடு, மறுபடி ஓரம். எல்லாம் 'டிங்'. "ஏறு" என்றார். முதல் ஓட்டத்துக்கு நானும் போனேன், கண் முழுக்க அணியத்துக்குள்ளேதான். காய்ந்தே இருந்தது.

இந்த லீவில் அடிப்பக்கம் பார்க்கணுமாம், கரை மணலில் தேய்ந்திருக்கு. கிரைண்டர் டிஸ்க் நாலு வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். மெஸ் பில் கட்டிய மிச்சத்தில்தான் பார்க்கணும்.