காலியாகத் திரும்பும் வண்டி

பொங்கல் விடுமுறைக்கு நாட்றாம்பாளையம் சென்றிருந்தேன். அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் செல்லும் சாலையில், காடுகளுக்கு நடுவே உள்ள எங்கள் ஊரில் அம்மா முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பெட்டிக்கடை நடத்துகிறார். நான் முதுகலைத் தமிழ் படித்தது அந்தக் கடையின் வருமானத்தில்தான். ஆகவே பிறரைக் குற்றம் சாட்டும் முழுத் தகுதி எனக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாலையில் அம்மா கடைவாசலைப் பெருக்கி, ஷாம்பு உறைகளையும் தின்பண்ட உறைகளையும் கொல்லையில் குவித்துத் தீ வைத்தார். கரும்புகை எழுந்தது. காயலான் கடைக்குப் போடலாமே என்றேன்.

"பாட்டில்னா எடுத்துக்குவான் கண்ணு. இதைச் சும்மா குடுத்தாலும் தொடமாட்டான். விட்டா காத்துல பறந்து காட்டுக்குப் போவுது, மாடு திங்குது."

அம்மா சொன்னது சரி. அவ்வுறைகள் பலவற்றில் பிளாஸ்டிக் ஏடுகளும் அலுமினிய ஏடும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. பிரித்தெடுக்கும் செலவு, கிடைக்கும் பொருளின் மதிப்பைவிட அதிகம்.

சிறு பொட்டலத்தைப் பேராசையின் கண்டுபிடிப்பு என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை. கடலூர்ச் சின்னி கிருஷ்ணன் அதனை முன்னெடுத்தபோது, வசதியுள்ளோர் பயன்படுத்துவது கூலிக்காரருக்கும் எட்ட வேண்டும் என்றே எண்ணினார். என் அக்கா முதன்முதலில் ஷாம்பு தேய்த்துக் குளித்த நாளின் மணம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் அந்நாளில் கடைக்கு வந்த குளிர்பானக் கண்ணாடிப் புட்டிகள் பெட்டியோடு திரும்பிச் சென்றன. ஒன்று உடைந்தாலும் அம்மாவின் கணக்கில் பற்று எழுதுவார்கள். புட்டி நிறுவனத்தின் உடைமை; அதனால் தேடி வந்தார்கள். உறையோ விற்ற கணமே எவருடைய உடைமையும் அன்று. சரக்கு வண்டி ஓசூரிலிருந்து நிறைந்து வருகிறது, காலியாகத் திரும்புகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. மறுசுழற்சிக்கு உதவாத பல அடுக்கு உறைகளை இரண்டாண்டுகளில் கைவிட வேண்டும் என்றன 2016ஆம் ஆண்டு விதிகள். 2018இல் அத்தொடர் திருத்தப்பட்டது: எரித்து ஆற்றல் பெறவோ வேறு வகையில் பயன்படுத்தவோ முடியுமானால் அவ்வுறை நீடிக்கலாம். மொழி கற்பிப்பவனுக்குச் சில சொற்களின் வலிமை விளங்க இதைவிட வேறு பாடம் வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டு நெறிமுறைகள் நிறுவனங்களுக்கு ஆண்டு இலக்கு விதித்தன. மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்கியும் அதனை நிறைவேற்றலாம். எந்த ஊரின் குப்பை என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

2019 ஜனவரி 1 அன்று தமிழகத்தில் தடை வந்தபோது அம்மா கைப்பைகளை உடனே நிறுத்திவிட்டார். ஆலையிலேயே அடைத்து வரும் உறைகளுக்கு விலக்கு இருந்தது. 2020இல் அரசு அவ்விலக்கை நீக்கியது. கடையில் சரங்கள் இன்றும் தொங்குகின்றன.

மலையூர்களில் திரும்பப் பெறுவது இயலாது என்பார்கள். யானைகள் நடமாடும் நீலகிரிக் காடுகளில் உடைந்த மதுப்புட்டிகள் கிடப்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்த பிறகு, 2022 மே மாதம் டாஸ்மாக் அங்கே புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் புட்டி வந்ததும் திருப்பித் தரத் தொடங்கியது. பெரும்பாலான புட்டிகள் திரும்பி வந்தன. எங்கள் காட்டிலும் யானைகள் நடக்கின்றன.

2018இல் தூத்துக்குடிப் பள்ளி மாணவியர் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட உறைகளைச் சேகரித்து, தயாரித்த நிறுவனங்களுக்கே திருப்பி அனுப்பினர். அதை எண்ணி, ஒரு வாரம் சேர்ந்த உறைகளைக் கோணியில் கட்டிச் சரக்கு வண்டி ஓட்டுநரிடம் நீட்டினேன்.

"ஏத்திக்கிட்டு வரச் சொல்லி யாரும் எங்கிட்ட சொல்லலையே சார்" என்றார், மரியாதையாகத்தான்.

கோணி இப்போது கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. அம்மா அதை எரிக்கவில்லை. படித்த மகன் ஏதாவது வழி சொல்வான் என்று வைத்திருக்கிறார்.