ழகரம் வருகிறது, 'ஆல்' வரவில்லை

வானொலிக்காரர்கள் தமிழைக் கொல்கிறார்கள் என்று புலம்புகிறவர்கள் சொல்வதில் பாதி உண்மைதான் தோழர்களே. பண்பலையில் 'மழை' மலையாகிறது, 'பள்ளி' பல்லியாகிறது. 'விலைகள் உயர்ந்தது' என்கிறார்கள். 'உயர்ந்தன' என்று வரவேண்டும். பேசுவதற்குத்தான் சம்பளம், எனவே திருத்திக்கொள்ளட்டும்.

ஆனால் யாரைத் திருத்துகிறார்கள் என்று பாருங்கள். பாளையம்பட்டியில் எங்கள் மாலை வகுப்புக்கு வரும் ஒரு தங்கச்சி, கல்லூரி முதலாண்டு படிக்கிறாள். ஒரு வானொலியின் குரல் தேர்வுக்குப் போனாள். 'வாழைப்பழம்' சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னதும் வந்த கேள்வி: "எந்தத் தெரும்மா நீ?"

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் எந்தத் தெருவில் கேட்டாலும் 'வாளப்பளம்'தான். திருச்சுழியையே பஸ்ஸில் 'திருச்சுளி' என்றுதான் கூவுகிறார்கள். யாழ்ப்பாணத்திலும் ளகரம்தான். வடக்கே போனால் 'வாயப்பயம்'. ழகரம் ஊருக்கு ஊர் மாறுகிறது. அவர்கள் வாயில் வந்தால் வட்டார வழக்கு, நம் வாயில் வந்தால் காலனிப் பேச்சு.

முதுகலையில் லபோவைப் படித்தேன். 1962இல் நியூயார்க் கடைகளில் ஊழியர்களை 'நான்காவது மாடி' என்று சொல்லவைத்தார். விலை கூடிய கடையில் அந்தச் சொற்களின் ரகர ஒலி அதிகம் கேட்டது, மலிவான கடையில் குறைந்தது. ஒலியில் வர்க்கம் தெரிகிறது என்றார் அவர், ஒலி உயர்ந்தது என்று சொல்லவில்லை.

இதே கூர்மையான காதுகளுக்கு வேறொரு பிழை கேட்பதேயில்லை. கும்பலாக வந்து சேரியை அடித்து நொறுக்கினால் செய்தி 'இரு பிரிவினரிடையே மோதல்' என்கிறது. அல்லது, 'தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பில் வீடுகள் சேதப்படுத்தப்பட்டன'. ழகரம் சுத்தம், பன்மை சுத்தம். யாரால்? செயப்பாட்டுவினையில் செய்தவரைச் சொல்ல 'ஆல்' உருபு இருக்கிறது. அதை விட்டாலும் வாக்கியம் நிற்கும், அந்த வசதியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். 'தாழ்த்தப்பட்டோர்' என்ற சொல்லிலேயே தாழ்த்தியவரைக் காணோமே! பள்ளியில் செய்வினை, செயப்பாட்டுவினை சொல்லிக்கொடுத்த தமிழய்யா யாரும் இதைப் பிழை என்று வானொலிக்குக் கடிதம் எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம், நம் ஊரைப் போலவே வானம் பார்த்த பூமியில், 2008 முதல் சங்கம் ரேடியோவை நடத்துகிறவர்கள் தலித் பெண்கள். வயலில் பேசுகிற தெலுங்கையே ஒலிபரப்புகிறார்கள். ஒன்றிய அரசின் 2006 சமுதாய வானொலி நெறிமுறையும் உள்ளூர் பேச்சுவழக்கைத்தான் விரும்பியது. நம் மாவட்டத்தில் இதற்கு யார் விண்ணப்பிப்பது என்று பேச ஆரம்பித்திருக்கிறோம்.

தங்கச்சி ழகரம் பழகுகிறாள். வேலை வேண்டுமே, பழகட்டும். வகுப்பில் மற்றவர்களும் அவளும் சேர்ந்து காலைச் செய்தியைக் கேட்டு, 'ஆல்' விட்டுப்போன வாக்கியங்களை ஒரு நோட்டில் எழுதிவருகிறார்கள். உங்கள் ஊரிலும் ஒரு நோட்டுப் போடுங்கள்.