தம்பியின் இருமல்

2022 மாசியில் எனது சிறுநீரகம் ஒன்றைத் தம்பிக்குக் கொடுத்தேன். 2009 இல் எல்லாவற்றையும் விட்டு வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபோது என் கையைப் பிடித்து வந்தவன் அவன் ஒருவன்தான். ஆகவே கொடுப்பதற்கு அதிகம் யோசிக்கவில்லை.

அந்த வருடக் கார்த்திகை மழையில் மாட்டுக் கொட்டிலில் இருந்த வைக்கோல் நனைந்து பூஞ்சணம் பிடித்துவிட்டது. "தம்பி, அதை இழுத்து வெளியில போடு" என்று சொன்னவள் நான்தான். இருவருமாகவே இழுத்தோம். சாம்பல் போலத் தூசி கிளம்பியது. எனக்கு இரண்டு தும்மல். அவனுக்கு இரண்டு கிழமையில் காய்ச்சலும் இருமலும். பிறகு சளியில் இரத்தம்.

முதலில் நியூமோனியா என்றார்கள். பிறகு கசநோயாக இருக்கலாம் என்றார்கள். ஊசி மருந்துக்குக் காய்ச்சல் விடவில்லை. ஸ்கான் எடுத்து, நெஞ்சுக்குள் குழாய் விட்டுக் கழுவியெடுத்த நீரைப் பரிசோதித்த பிறகே அஸ்பெர்ஜிலஸ் என்ற பங்கசு நுரையீரலில் பரவியிருப்பது தெரிந்தது. அதன் வித்திகள் காற்றில் எங்கும் உள்ளன. நாம் எல்லோரும் நாளும் சுவாசிக்கிறோம், உடல் அழித்துவிடுகிறது. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாதிருக்கத் தம்பி குடிக்கும் குளிசைகள் அந்தக் காவலையும் தளர்த்திவிடுகின்றன. கிளினிக்கில் உப்பைப் பற்றிச் சொன்னார்கள், தண்ணீரைப் பற்றிச் சொன்னார்கள். வைக்கோலைப் பற்றி எவரும் சொல்லவில்லை.

வோரிகொனசோல் என்ற மருந்தைத் தொடங்கினார்கள். அது டக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும் என்பதால் அந்தக் குளிசையை மூன்றில் ஒன்றாகக் குறைத்து, அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மற்றொரு குளிசையை முற்றாக நிறுத்தினார்கள். "காவலைக் கொஞ்சம் எழுப்பினால்தான் பங்கசை வெல்லலாம். ஆனால் அது நீங்கள் கொடுத்த கிட்னியையும் தாக்கக்கூடும்" என்று வைத்தியர் சொன்னார். தம்பியிடம் அல்ல, என்னிடம். கொடுத்ததை இன்னொருமுறை கொடுக்கச் சொல்வது போலிருந்தது. "ஆளைக் காப்பாற்றுங்கோ டொக்டர்" என்றேன்.

முதல் நாட்களில் "அக்கா, லைற் எல்லாம் நீலமா மினுங்குது" என்பான். பயந்துவிட்டேன். அந்த மருந்து சிலருக்கு அப்படிச் செய்யுமாம். அயலில் சிலர் அவன் குடித்த கோப்பையைத் தொடவும் அஞ்சினார்கள். இது ஆளுக்கு ஆள் தொற்றுவதல்ல என்று வீடு வீடாகச் சொல்லிக் களைத்தேன்.

மூன்று மாதம் கழித்து ஸ்கானில் நுரையீரல் தெளிந்திருந்தது. சிறுநீரகம் முன்னைப்போல இல்லை. ஆனாலும் வேலை செய்கிறது. மாட்டை விற்க மனமில்லை, கொட்டிலை வளவின் மற்றக் கரைக்கு மாற்றினேன். வைக்கோல் பக்கம் போய்விட்டு வந்தால், கிணற்றடியில் குளித்து உடுப்பு மாற்றும்வரை தம்பி என்னைத் தன் அறைக்குள் விடுவதில்லை.