ரத்த அறிக்கையில் இருப்பது தலையெழுத்து அல்ல

இந்தியாவில் ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய், வாய்ப் புற்றுநோய். புகையிலையும் பாக்கும்தான் முதன்மைக் காரணங்கள். ‘கெட்ட பழக்கம்’ என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். பாதாளச் சாக்கடையின் நாற்றத்தைத் தாங்க வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டு இறங்கும் மனிதருக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது யார்? அந்த வேலைக்கு அவரை அனுப்பியது எது? சாதி என்ற பதில் எந்த மருத்துவக் குறிப்பிலும் இருப்பதில்லை.

நான் சமூகவியல் படித்தவள். நோயாளிகளின் குடும்பங்களோடு மருத்துவமனைக்குப் போய் வருவது என் வேலை. ஒருமுறை தூய்மைப் பணியாளர் ஒருவரின் மனைவி பரிசோதனைத் தாள்களை என்னிடம் நீட்டிக் கேட்டார்: “ஏம்மா, எங்க வீட்டுக்காரரு தலையெழுத்து இதுல இருக்கா?”

தலையெழுத்து இல்லை. ஆனால் சில தடயங்கள் உண்டு. தலை, கழுத்துப் புற்றுநோய் எந்தப் பக்கம் போகும் என்று கணிக்க, நோய் எதிர்ப்பாற்றலைக் காட்டும் குறிகாட்டிகளை மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.

ஒன்று, பிடி-எல்1. புற்றுச் செல் தன் மேல் இந்தப் புரதத்தை வைத்துக்கொண்டு, தாக்க வரும் டி செல்லை அடக்கிவிடுகிறது. அந்தப் பிடியை விடுவிப்பவைதான் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள். பயாப்சியில் எடுத்த சதையில் இந்தப் புரதம் எவ்வளவு என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். பொதுவாக மதிப்பெண் கூடினால் பெம்ப்ரோலிசுமாப் பலன் தரும் வாய்ப்பும் கூடும்.

இன்னொன்று, சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே இருக்கிறது. நியூட்ரோபில் எண்ணிக்கையை லிம்போசைட் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். நியூட்ரோபில் 80 சதவீதம், லிம்போசைட் 10 சதவீதம் என்றால் விடை 8. விடை உயர உயர, நோயின் போக்கு மோசமாக இருக்கக்கூடும். கிருமித்தொற்று இருந்தாலும் இது ஏறும். எனவே இதை மட்டும் வைத்து யாருக்கும் நாள் குறிக்க முடியாது.

மூன்றாவதுதான் என்னை உறுத்துவது. ரத்தத்தில் உள்ள ஆல்புமினையும் லிம்போசைட்டையும் சேர்த்துக் கணக்கிடும் ஊட்டச்சத்துக் குறியீடு. அது குறைந்தால் பிழைக்கும் வாய்ப்பும் குறைகிறது. நோயின் அழற்சியாலும் ஆல்புமின் இறங்கும். ஆனால் வாயைத் திறக்க முடியாமல் மாதக்கணக்கில் கஞ்சித்தண்ணீரில் ஓடிய உடம்பு, அதற்கு முன்பும் பல்லாண்டுகள் அரைவயிற்றில் உழைத்த உடம்பு, அந்த எண்ணில் இல்லையா? ஆய்வுக்கூடம் அதை ‘எதிர்ப்பாற்றல்’ என்று எழுதுகிறது. நான் அதில் பசியையும் படிக்கிறேன்.

குறிகாட்டி வழியைக் காட்டும். அந்த வழியில் நடக்கப் பணம் வேண்டும். மேலே சொன்ன மருந்துகளின் முழு அளவு நம் மக்களின் கைக்கு எட்டாத விலை. ஆனால் விலை இயற்கை விதி அல்ல என்று மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் காட்டினார்கள். நிவோலுமாபின் வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். அவர்கள் கொடுத்தது மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம். முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளிடம் நடந்த சோதனை அது. மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோடினிப் மாத்திரைகளை மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதம். அவற்றோடு இந்தச் சிறு அளவையும் பெற்றவர்களில் 43.4 சதவீதம். 2022இல் வெளியான முடிவு இது.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. தூய்மைப் பணியாளர், தோல் பதனிடும் தொழிலாளர் குடியிருப்புகளுக்கே வந்து ஆண்டுதோறும் வாய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். நோய் உறுதியான அன்றே சத்துணவுக்கு வழி செய்ய வேண்டும். பிடி-எல்1 பரிசோதனையும் குறைந்த அளவு நிவோலுமாபும், தேவைப்படும் ஒவ்வொருவருக்கும் அரசு மருத்துவமனைகளில் காசின்றிக் கிடைக்க வேண்டும்.

உங்கள் தெருவில் யாருக்காவது மூன்று வாரமாக ஆறாத வாய்ப்புண் இருந்தால், இந்தக் கோரிக்கைகள் நிறைவேறும் வரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையே அழைத்துப் போங்கள்.