கழுத்தில் ஆறு கிலோ

அந்தமானின் மிக உயர்ந்த சிகரத்தில் ஏற வந்த இடத்தில், ஒரு கேமராவை வைத்துக்கொள்வதா விற்றுவிடுவதா என்ற வழக்கு தீர்ந்தது.

காலை ஆறரை மணி. லாமியா பே வனத்துறைச் சாவடியில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. கூட வரும் வழிகாட்டி இளைஞர் என் பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். தூக்கிய வேகத்திலேயே கீழே வைத்தார். உள்ளே என்ன, கல்லா என்று இந்தியில் கேட்டார். கேமரா என்றேன். சட்டைப் பையிலிருந்த தன் செல்போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

வடக்கு அந்தமானின் கடைக்கோடியில் இருக்கிறது திக்லிபூர். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து அந்தமான் டிரங்க் சாலையில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பினால் பொழுது சாயும்போது வந்து சேரலாம். ஊரின் கடைத்தெருவில் வங்காளிதான் அதிகம் காதில் விழுகிறது. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து, காடு திருத்தி, நெல் விதைத்தவர்களின் பேரப்பிள்ளைகள். நடுவே ஒரு டீக்கடையில் தமிழ் கேட்டு நின்றேன். "மலைக்கா அண்ணே? அந்தப் பையோடயா?" என்றார் கடைக்காரர். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மலை என்று அவர் சொன்னது சேடில் பீக். உயரம் 732 மீட்டர். அந்தமான் நிக்கோபார் தீவுக் கூட்டத்திலேயே இதுதான் உச்சம். ஊட்டியையும் கொடைக்கானலையும் பார்த்தவர்களுக்கு இது ஒரு குன்றாகத் தோன்றலாம். ஆனால் ஊட்டிக்குப் பேருந்து போகிறது. இங்கே கடல் அலை காலை நனைக்கும் இடத்தில் நடையைத் தொடங்க வேண்டும். 732 மீட்டரில் ஒரு மீட்டர்கூட தள்ளுபடி கிடையாது.

என் பையில் இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். பாட்டரியோடு ஒரு கிலோ எடையுள்ள நிக்கான் டி850. பறவைகளுக்காக 2.3 கிலோவில் ஒரு 200-500 லென்ஸ். நிலக்காட்சிக்கு இன்னொரு லென்ஸ். முக்காலி, உபரி பாட்டரிகள், மழை உறை. மொத்தம் ஆறு கிலோவைத் தொட்டது. உள்நாட்டு விமானத்தில் கையோடு கொண்டுபோக அனுமதிக்கும் ஏழு கிலோவை இதுவே ஏறக்குறைய விழுங்கிவிட்டதால், மாற்று உடைகள் எல்லாம் சரக்கில் போயின.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. கழுத்து எலும்பில் தேய்மானம் தொடங்கிவிட்டது என்று போன வருடம் மருத்துவர் சொன்னார். கேமராவை விற்றுவிட்டுச் சின்னதாக ஒன்று வாங்கிக்கொள் என்று வீட்டில் ஆளாளுக்கு யோசனை. எனக்கு மனசு வரவில்லை. திக்லிபூர் போய்வருகிறேன், அங்கே இது சௌகரியமாக இருந்தால் வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் கொடுத்துவிடுகிறேன் என்று ஒப்பந்தம். ஆக, இந்தப் பயணம் கேமராவுக்கு வைத்த பரீட்சை.

ஒரு இட்லியின் சக்தி

கிளம்பும் முன் பள்ளிக்கூடப் பௌதிகத்தை நினைவுபடுத்திக் கணக்குப் போட்டிருந்தேன். ஆறு கிலோவை 732 மீட்டர் உயரத்துக்குத் தூக்கச் செய்ய வேண்டிய வேலை சுமார் 43,000 ஜூல். நம் தசைகள் உண்ட சக்தியில் ஏறத்தாழ கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகின்றன என்று வைத்துக்கொண்டாலும், செலவு நாற்பது கலோரியைச் சற்றே தாண்டும். அதாவது ஒரு இட்லி. ஒரு இட்லிக்குப் பயந்தா கேமராவை விற்பது?

கணக்கு சரி. ஆனால் உடம்பு கணக்கைக் கேட்பதில்லை. எவ்வளவு எடை என்பதைவிட அது எங்கே தொங்குகிறது என்பதுதான் கேள்வி. நம் ஊர்ப் பெண்களுக்கு இது காலங்காலமாகத் தெரியும். தண்ணீர்க் குடம் இடுப்பில் அமரும்; அல்லது சும்மாட்டின் மேல் தலையில் நிற்கும். காவடி இரு பக்கமும் சமமாகத் தோளில் படியும். குடத்தைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்த ஒருவரை எங்காவது பார்த்திருக்கிறோமா? கேமரா விற்பவர்கள் மட்டும் பெட்டிக்குள் ஒரு கழுத்துப் பட்டையை வைத்துக் கொடுக்கிறார்கள். நாமும் மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொள்கிறோம்.

கழுத்தில் தொங்கும் கேமரா ஒவ்வொரு அடிக்கும் ஊசலாடி நெஞ்சில் மோதுகிறது. அதன் கனம் தலையை முன்னால் இழுக்க, பின்கழுத்துத் தசைகள் விடாமல் அதை எதிர்த்து இழுத்துக்கொண்டிருக்கின்றன. வலி அங்கேதான் பிறக்கிறது. இடுப்புப் பட்டை வைத்த முதுகுப் பையில் அதே எடையின் பெரும்பகுதி இடுப்பெலும்பில் இறங்கிவிடுகிறது. ஆனால் பைக்குள் இருக்கும் கேமரா படம் எடுக்காது. சௌகரியத்துக்கும் படத்துக்கும் உள்ள சண்டை இதுதான்.

முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் கடற்கரையோரம், உருண்டைக் கற்களின் மேல் நடை. கேமராவைக் கழுத்தில் மாட்டியிருந்தேன். கற்கள் புரளும்போதெல்லாம் கை தானாகக் கேமராவைப் பிடிக்கப் போனது. கீழே விழுந்தால் முதலில் காப்பாற்ற வேண்டியது முழங்காலையா, லென்ஸையா என்ற குழப்பத்திலேயே ஒரு மணி நேரம் போயிற்று. பிறகு பாதை காட்டுக்குள் திரும்பியது.

யாருடைய தோள்?

கனமான கேமரா ஒன்றும் புதிய கதை அல்ல. 1858-இல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரரான லினேயஸ் டிரைப், மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுக்க மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார். கண்ணாடித் தகடுகளுக்குப் பதில் மெழுகு பூசிய காகித நெகடிவ்களை அவர் பெரிதும் பயன்படுத்தியதற்கு ஒரு காரணம், அவை இலேசானவை, முன்கூட்டியே தயாரித்து எடுத்துப் போகலாம் என்பது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி, பத்தொன்பது அடிக்குக் குறையாத ஒரே நீளப் படமாக்கியவர் அவர்.

நம் காலத்துக்கு நெருங்கி வந்தால் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1996-இல் மறையும்வரை காட்டுயிர்களைப் பற்றி எழுதியவர், கருப்பு வெள்ளையில் படமெடுத்தவர். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிக்கொண்ட பெரிய கேமராவுக்கு அவர் வைத்த பெயர் 'சூப்பர் பாண்டரோசா'. கனத்தையே கேலியாக்கி வைத்த பெயர். கிருஷ்ணன் பல படங்களை யானை மேல் அமர்ந்து எடுத்தார். கனத்தைச் சுமக்க யானை இருந்தால் கழுத்து ஏன் வலிக்கப்போகிறது?

அந்தமானுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. அது அவ்வளவு சிரிப்பூட்டுவது அல்ல. 1879 முதல் இங்கே பணியாற்றிய மாரிஸ் விடல் போர்ட்மன் என்ற ஆங்கிலேய அதிகாரி, 1890-களில் பிரிட்டிஷ் மியூசியத்துக்காக அந்தமான் பழங்குடிகளைப் படமெடுத்தார். கண்ணாடித் தகடுகள், முக்காலி, ரசாயனங்கள் என்று பெரிய பரிவாரம். மனிதர்களைக் கட்டம் போட்ட திரைக்கு முன்னால் நிறுத்தி, அளவெடுக்க வசதியாக எடுத்த படங்களும் அவற்றில் உண்டு. அந்தக் கேமராவின் பாரம் அதைத் தூக்கிய தோள்களோடு நிற்கவில்லை. அதன் முன்னால் நின்றவர்கள் மேலும் இறங்கியது. இந்த வடக்கு அந்தமானைத் தாயகமாகக் கொண்ட போ இனத்தின் மொழியைப் பேசிய கடைசி மனுஷியான போவா சீனியர் 2010 ஜனவரியில் இறந்துபோனார். படங்கள் இருக்கின்றன, பேச ஆள் இல்லை.

டிரங்க் சாலையில் ஜராவா காப்புக்காட்டைக் கடக்கும்போது வாகனங்கள் காவலோடு வரிசையாகத்தான் செல்ல வேண்டும். நிறுத்தக் கூடாது, படமெடுக்கக் கூடாது. பழங்குடிகளைப் படமெடுப்பது சிறைக்குரிய குற்றம். 2012-இல் ஜராவாப் பெண்களை ஆடவைத்து எடுத்த வீடியோ வெளியாகி நாடே தலைகுனிந்தது. அந்தச் சில மணி நேரம் கேமராவைப் பையின் அடியில் வைத்திருந்தேன். அது கனக்கவே இல்லை என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

தப்பிப் போன மரங்கொத்தி

ஏற்றம் தொடங்கி ஒரு மணி நேரத்தில் என் சட்டை பிழிந்து எடுக்கும்படி ஆயிற்று. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறி நனைக்கும் காடு; மூச்சே ஈரமாக இருந்தது. செங்குத்தான இடங்களில் வேர்களைப் பற்றிக்கொண்டு ஏற வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு கையும் வேண்டும். கேமராவைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். அடுத்த அரைமணியில் வழிகாட்டி இளைஞர் ஒன்றும் பேசாமல் பையை என் தோளிலிருந்து கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். நான் மறுத்தேன். மறுத்த குரலில் உறுதி இல்லை என்பது இருவருக்கும் தெரிந்தது.

அதன் பிறகு நடை சுகமாக இருந்தது. மரங்களைப் பார்த்தேன், பறவைக் குரல்களைக் கேட்டேன். அப்போதுதான் வலப்பக்கம் ஒரு பட்டுப்போன மரத்தில் அந்தமான் மரங்கொத்தி வந்து உட்கார்ந்தது. காக்கை நிறக் கறுப்பு, தலையில் சிவப்புக் கொண்டை. உலகத்தில் இந்தத் தீவுகளைத் தவிர வேறெங்கும் கிடையாது. கேமரா பத்தடி முன்னால், இன்னொருவர் முதுகில், இரண்டு ஜிப்புகளுக்கு உள்ளே இருந்தது. அவர் திரும்பி, பையை இறக்கி, நான் லென்ஸை மாட்டி நிமிர்ந்தபோது மரம் மட்டும் இருந்தது.

உச்சியில் மேகம். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஆறு கிலோ சாதனத்தால் வெள்ளையைப் படமெடுத்தேன். பையை இறக்கிவைத்த இளைஞரின் சட்டைக் காலர் விலகியிருந்தது. பட்டை பதிந்த இடம் சிவந்து தடித்திருந்தது. அந்தத் தடிப்பைப் பார்த்தபோது வழக்கில் பாதி தீர்ந்துவிட்டது. என்னால் சுமக்க முடியாததை எனக்குச் சௌகரியமானது என்று எப்படிச் சொல்வது?

கனமும் ஒரு குணம்

பாதிதான் தீர்ந்தது என்று சொல்லக் காரணம் அடுத்த நாள். ஏரியல் பே படகுத்துறையிலிருந்து ராஸ், ஸ்மித் தீவுகளுக்குப் போனோம். இரண்டையும் ஒரு வெண்மணல் திட்டு இணைக்கிறது; கடல் வற்றும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகலாம். ஆடும் படகில் உட்கார்ந்து, லென்ஸின் அடியை இடது உள்ளங்கையில் ஏந்தி, முழங்கையை விலாவில் ஊன்றி, வெண்வயிற்றுக் கடற்கழுகு ஒன்றைப் படமெடுத்தேன். கனமான கேமரா சின்னச் சின்ன நடுக்கங்களுக்கு அசைந்து கொடுப்பதில்லை. பெரிய லென்ஸுக்குப் பின்னால் சிறிய கேமராவை மாட்டினால் முன்பாரம் மணிக்கட்டைக் கீழே இழுக்கும். இதில் இரண்டும் ஓரளவு ஈடுகொடுத்தன. உட்கார்ந்த இடத்தில் கனம் ஒரு குணம்.

அன்றிரவு காலிப்பூர் கடற்கரை. நான்கு வகைக் கடலாமைகள் முட்டையிட வரும் சாம்பல் நிற மணல். ஃபிளாஷும் வெள்ளை விளக்கும் ஆமைகளை மிரட்டித் திசைதிருப்பிவிடும். கேமராவை அறையிலேயே விட்டுவிட்டேன். பங்குனி ஆமை ஒன்று கரையேறி, மூச்சிரைக்க நின்று நின்று, தன் எடையைத் தானே இழுத்துக்கொண்டு மணல்மேட்டுக்கு வந்ததை வெறும் கையோடு பார்த்தேன். இந்தப் பயணத்தில் எனக்கு நன்றாக நினைவிருக்கும் காட்சி அதுதான். அதற்குப் படம் இல்லை.

பெரிய கேமரா வாங்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் ஒரு யோசனை. கடையில் இரண்டு நிமிடம் கையில் பிடித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு நிமிடத்தில் எல்லாமே இலேசுதான். கேமரா, லென்ஸ், முக்காலி எல்லாவற்றின் எடையையும் கூட்டுங்கள். அதே எடைக்கு அரிசியைப் பையில் கட்டிக்கொண்டு பழனி மலைப் படிகளில் ஒரு முறை ஏறி இறங்குங்கள். வழியில் பத்து முறை பையைத் திறந்து அரிசியை வெளியே எடுத்துக் கண்ணுக்கு நேரே அரை நிமிடம் பிடியுங்கள். பத்தாவது முறையும் எடுக்கத் தோன்றினால் வாங்கலாம். ஐந்தாவது முறையே கை தயங்கினால், அந்தத் தயக்கத்துக்குள் எத்தனை மரங்கொத்திகள் பறந்துபோகும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பியதும் கேமராவை விற்றேன். வாங்க வந்தவர் முப்பது வயதுக்காரர், ஆஜானுபாகு. கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரொம்ப கனமா சார்?" என்று கேட்டார். எங்கே எடுத்துப் போகப்போகிறீர்கள் என்றேன். வேடந்தாங்கல் என்றார்.

"அப்படியென்றால் இல்லை" என்றேன்.