அத்தையின் முட்டி

கொடைக்கானல் அப்சர்வேட்டரி பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அத்தையின் எலும்புகள் ஞாபகத்துக்கு வரும்.

மார்புக் கட்டியை எடுத்த பிறகு, நோய் எலும்புக்கு இறங்கியிருக்கிறதா என்று பார்க்க மதுரைக்கு அனுப்பினார்கள். பூம்பாறையிலிருந்து மலை இறங்கும்வரை அத்தை பூண்டு விலையைத்தான் பேசிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் மருந்து ஈயக் குப்பியில் வந்தது; ஊசிக்குழலுக்கும் கனத்த உலோக உறை. கதிரியக்கமுள்ள டெக்னீஷியம்-99எம். எலும்பு புதிதாகக் கட்டப்படும் இடம் பார்த்து ஒட்டிக்கொள்ளும் பாஸ்பேட் சேர்மத்தோடு பிணைத்து ஏற்றினார்கள். பிறகு மூன்று மணி நேரக் காத்திருப்பு. "தண்ணி நெறையக் குடிங்கம்மா, அடிக்கடி பாத்ரூம் போங்க." ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குத் தனிக் கழிப்பறை.

இந்த மருந்தை வாங்கி அடுக்கிவைக்க முடியாது. ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். இதன் தாய் மாலிப்டினம்-99. அது பாதியாக 66 மணி நேரம். அதை ஈயக் கவசத்துக்குள் வைத்து, உப்புநீர் விட்டு, காலையில் டெக்னீஷியத்தை இறக்கிக்கொள்கிறார்கள். பால் கறப்பது என்றே அந்தத் துறையில் பேச்சு. ஒரு வாரத்தில் மாடு வற்றிவிடும்.

பூமியில் ஏறக்குறைய இல்லாத தனிமம் டெக்னீஷியம். 1937இல் இத்தாலியில் பெரியரும் செக்ரேயும் கண்டுபிடித்தார்கள். 1952இல் பால் மெரில் சில சிவந்த முதிய விண்மீன்களின் நிறமாலையில் இதன் கோடுகளைப் பார்த்தார். இதன் வகைகளில் நீண்ட ஆயுள் கொண்டதே சுமார் 42 லட்சம் ஆண்டுகளில் பாதியாகிவிடும். அப்படியானால் அந்தக் கிழ விண்மீன் அதை அண்மையில்தான் தனக்குள் சமைத்திருக்க வேண்டும்.

நிறமாலை எங்கள் மலைக்கு அந்நியமில்லை. 1909இல் வானியலாளர் எவர்ஷெட், சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கோடுகளின் நகர்வை வைத்துக் கண்டது கொடைக்கானல் அப்சர்வேட்டரியில்தான். கால்சியம் உமிழும் ஒரே ஒரு நிறத்தை வடிகட்டிச் சூரியனை அங்கே நூறாண்டுக்கு மேலாகப் படமெடுத்திருக்கிறார்கள். காமா கேமராவுக்கும் இதே வேலைதான்: 140 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அளவில் வரும் கதிரை மட்டும் எண்ணும். எக்ஸ்ரே என்றால் வெளியிலிருந்து கதிர் பாய்ச்ச வேண்டும். இங்கே கதிர் விடுவது அத்தை, கேமரா வாங்கிக்கொள்ளும். சூரியனிலும் கால்சியம், எலும்பிலும் கால்சியம். தற்செயல்தான், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல்.

திரையில் புள்ளி புள்ளியாக மண்டையோடு, விலா, முதுகெலும்பு. சிறுநீர்ப்பை கரியாகக் கறுத்திருந்தது. முட்டி இரண்டும் அப்படியே. எனக்குப் பகீரென்றது. "அது தேய்மானம்," என்றார் டாக்டர், "வேற எங்கயும் பரவல." எலும்பு தன்னைப் பழுது பார்த்துக்கொள்ளும் இடமெல்லாம் கறுக்குமாம்; அது புற்றா, தேய்மானமா என்று பிரித்துச் சொல்லக் கேமராவுக்குத் தெரியாது, பழகிய கண்ணுக்குத்தான் தெரியும். நாற்பது வருஷம் சரிவில் குத்துக்காலிட்டுப் பூண்டு பிடுங்கிய கணக்கு அந்த இரண்டு கறுப்பிலும் இருந்தது.

"வெஷத்தையா ஏத்துனாங்க, மருமகனே?" என்றாள் திரும்பும்போது. கொஞ்சமாக, என்றேன். "போகர் நவபாஷாணத்துல செஞ்சதத்தான பழனியிலயும் நம்ம வேலப்பர் கோயில்லயும் கும்புடுறோம்" என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மறுநாள் வரை பேரனைத் தூக்கக் கூடாது என்றதற்கும் தலையாட்டினாள். முட்டிக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"அவருக்கென்ன, சொல்லிட்டாரு. பூண்டு புடுங்க வர்ற ஆளு இன்னைக்கு என்ன கூலி கேக்குது தெரியுமா?"